கேம்பர் ட்ரெய்லருக்கு மாற்று முன் ஜாக்கி: கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரிலிருந்து கழற்றிய கேம்பர் ட்ரெய்லரின் முன்பாரத்தைத் தாங்கி நிற்பது, ஏ வடிவச் சட்டத்தின் நுனியில் இருக்கும் ஜாக்கி ஒன்றுதான். கைப்பிடியைச் சுற்றினால், காரோடு இணையும் முனையான கப்ளர் எழும்பும், இறங்கும். காரின் பின்னால் இருக்கும் இழுவைக் குண்டில் மாட்டுவதற்கும், கழற்றுவதற்கும், நிறுத்திய இடத்தில் வண்டியை மட்டமாக்குவதற்கும் அதை நம்பித்தான் இருக்கிறோம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்தச் சாதனத்துக்கு ஆயுள் குறைவு. வெளிக் குழாயை உப்புக் காற்று அரிக்கிறது, உள்ளே இருக்கும் திருகை மணல் தேய்க்கிறது.

மாற்று வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ தாங்கும்?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பெரும்பாலான ஜாக்கிகள் அதில் எளிதாகத் தேறிவிடும். வாங்கி வந்தபின் வம்பு செய்பவை வேறு: துளையில் நுழையாத குழாய், குண்டுக்கு மேல் எழும்பாத உயரம், மணலில் புதையும் கால், ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் விடும் பெயின்ட். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். கடற்கரைப் பக்கம் உணவு விற்கும் ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில்: மாற்றத்தான் வேண்டுமா?

கைப்பிடி சுற்றுகிறது, கால் அசையவில்லை என்றால், பெரும்பாலும் கைப்பிடித் தண்டையும் பற்சக்கரத்தையும் இணைக்கும் சிறு இரும்பு ஊசி (பின்) முறிந்திருக்கும். மேல் மூடியைக் கழற்றி வேறு பின் போட்டால் வேலை முடிந்தது. சுற்றவே கடினமாக இருந்தால், பழைய கிரீஸ் மணலோடு சேர்ந்து இறுகியிருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்துப் பாருங்கள்.

சரிசெய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, உள் குழாய் வளைந்திருப்பது. அதைத் தட்டி நிமிர்த்தினாலும் அடுத்த முறை பாரம் ஏறும்போது அதே இடத்தில்தான் மடங்கும். இரண்டாவது, பாரத்தோடு நிற்கும்போது ஜாக்கி தானாக மெல்ல இறங்குவது. திருகு ஜாக்கி கையை எடுத்ததும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே மரை தேய்ந்துவிட்டது அல்லது பற்சக்கரம் கழன்றுவிட்டது. அதன்மேல் ஒரு நாள்கூட ட்ரெய்லரை விட்டுவைக்காதீர்கள்.

மூக்கு எடையை அறிந்துகொள்வது

கப்ளர் கீழ்நோக்கி அழுத்தும் எடைதான் மூக்கு எடை. அமெரிக்க வழக்கப்படி கட்டிய ட்ரெய்லர்களில் இது மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு. 900 கிலோ ட்ரெய்லர் என்றால் 90 முதல் 135 கிலோ. ஐரோப்பிய வகைகளில் பொதுவாக இதைவிடக் குறைவு. பட்டறையில் செய்த ட்ரெய்லருக்கு எந்தச் சூத்திரமும் பொருந்தாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

லாரி எடை மேடை மொத்த எடைக்குச் சரி. மூக்கு எடைக்கு அந்தத் தராசு மிகப் பெரியது. பழைய இரும்புக் கடையிலோ மண்டியிலோ இருக்கும் பிளாட்ஃபார்ம் தராசு நல்லது. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, தராசின் மேல் கட்டை அடுக்கி, ட்ரெய்லர் மட்டமாக நிற்கும் உயரத்தில் கப்ளரை அதன்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும்.

வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசுதான் இருக்கிறதா? கனமான பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும், மறுமுனையைத் தராசின் மேலும் வையுங்கள். தாங்கும் இரு புள்ளிகளுக்கும் இடையே 90 செ.மீ. இருக்கட்டும். பலகையின் எடையை மட்டும் முதலில் குறித்துக்கொண்டு, செங்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கப்ளரின் பாரத்தை இறக்குங்கள். கூடிய எடையை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. தராசு 35 கிலோ கூடுதலாகக் காட்டினால் 105 கிலோ.

எடை போடும்போது பயணத்துக்குப் புறப்படும் நிலையில் ட்ரெய்லர் இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். அதை ஏ சட்டத்தின் மேல் வைத்திருந்தால் பெரும்பகுதி மூக்கில்தான் விழும். தண்ணீர்த் தொட்டியின் இடமும் கணக்கை மாற்றும். அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் 60 லிட்டர் தொட்டி, அச்சுக்கு 3 மீட்டர் முன்னால் கப்ளர் என்றால், தொட்டி நிரம்பியதும் மூக்கு எடை 20 கிலோ கூடும்.

வந்த எண்ணுக்கு இரு மடங்காவது தாங்கும் ஜாக்கியை எடுங்கள். சந்தையில் சிறிய வகைகளே 1,000 பவுண்டு, அதாவது 454 கிலோ தாங்குபவை என்பதால், சிறு கேம்பருக்கு இதில் சிக்கல் வராது. பெட்டியில் எழுதியிருப்பது பவுண்டா கிலோவா என்று பாருங்கள். தூக்கும் திறனா, வெறுமனே தாங்கி நிற்கும் திறனா என்றும் பாருங்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் பெரிதாக இருக்கும், விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவதும் அதுவாக இருக்கலாம். நமக்கு வேண்டியது முதலாவது.

மாட்டும் இடம்: நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்

ஜாக்கி பிடித்திருக்கும் விதம் மூன்று. ஏ சட்டத்தின் நுனித் தகட்டில் வட்டத் துளையும், அதைச் சுற்றி முக்கோணமாக மூன்று போல்ட்டுகளும் இருந்தால் அது நேர்செருகு வகை. சட்டத்தின் பக்கவாட்டில் தகடு பிடித்து, பின்னை இழுத்தால் ஜாக்கி கிடைமட்டமாகச் சுழன்று மடங்குவது பக்கச்சுழல் வகை. ஐரோப்பிய கேரவன்களில் இருப்பது, வளையக் கவ்வியில் குழாயைச் செருகி இறுக்கும் வகை. பழையது எதுவோ அதே வகையை வாங்குவதே நல்லது. வகையை மாற்றினால் சட்டத்தில் புதிதாகத் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ நேரும்.

நேர்செருகு வகையில் குழாயின் வெளிவிட்டம்தான் உயிர்நாடி. அமெரிக்க அளவில் 2¼ அங்குலம், அதாவது 57 மி.மீ. குழாய் மிகப் பரவலானது. போல்ட் அளவு 3/8 அங்குலம். நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 10 மி.மீ. போல்ட். 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ. என்பதால், துளை தளர்வாக இல்லாவிட்டால் 10 மி.மீ. நுழையாது. துளையைச் சற்றுப் பெரிதாக்கலாம், ஆனால் 8 மி.மீ. போல்ட்டைத் தொளதொளவென்று போட்டுச் சமாளிக்கக் கூடாது.

கவ்வி வகையில் அதிகம் புழங்குவது 48 மி.மீ., கனமான வண்டிகளில் 60 மி.மீ. உள்ளூர்ப் பட்டறையில் செய்த ட்ரெய்லர் என்றால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. "இரண்டு அங்குல பைப்" என்று பட்டறைக்காரர் சொல்வதன் வெளிவிட்டம் 50.8 மி.மீ. அல்ல, 60.3 மி.மீ. "ஒன்றரை அங்குல பைப்" 48.3 மி.மீ. இது பைப் வணிகத்தின் பழைய பெயரிடல். அதனால் யார் சொல்வதையும் எழுதிக்கொள்ளாமல், வெர்னியர் காலிப்பர் வைத்து நீங்களே அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி இருந்தால் லேத் பட்டறையில் அதை நிரப்பும் வளையம் (புஷ்) ஒன்று கடைந்து வாங்கிக்கொள்ளலாம். குழாய் துளையைவிடப் பெரிதாக இருந்தால் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

பக்கச்சுழல் வகையில் சட்டத்தின் உயரத்தை அளக்க வேண்டும். தகடுகள் குறிப்பிட்ட உயர வரம்புக்குள்தான் பிடிக்கும், 75 மி.மீ. சேனலுக்குப் பொருந்துவது 125 மி.மீ. சட்டத்துக்குப் பொருந்தாது. சட்டம் சதுரக் குழாய் என்றால், குறுக்கே போல்ட் போட்டு இறுக்கும்போது சுவர் உள்ளே அமுங்கும். உள்ளே குறுக்குக் குழல் வைத்து இறுக்கலாம், அல்லது சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் போல்ட் தகடு போடலாம். சட்டத்தின் கீழ் விளிம்பில் மட்டும் துளையிட விடாதீர்கள். ஓடும்போது அதிக இழுவிசை விழும் இடம் அது.

இன்னொன்று, பலரும் கடைசியில் கண்டுபிடிப்பது: காரின் பின்கதவு. மேல் கைப்பிடி வகை ஜாக்கியின் தலை கப்ளருக்கு மேல் நீண்டு நிற்கும். மேல்நோக்கித் திறக்கும் டிக்கி கதவு பெரும்பாலும் அதைத் தாண்டிப்போகும். பொலேரோ, தார் போலப் பக்கவாட்டில் திறக்கும் கதவு, அதிலும் ஸ்டெப்னி தொங்குவது, நேராக அதில் போய் இடிக்கும். ட்ரெய்லரைக் காரில் மாட்டி, கதவைத் திறந்து பார்த்து அளவெடுங்கள். புதுச்சேரி ஒயிட் டவுனின் செங்கோணத் திருப்பங்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது காரின் மூலை ஜாக்கிக்கு எவ்வளவு அருகே வரும் என்பதையும், காலி இடத்தில் மெதுவாகத் திருப்பி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உயரக் கணக்கு

ட்ரெய்லரை ரசமட்டம் வைத்து மட்டமாக நிறுத்துங்கள். மூன்று அளவுகள் வேண்டும்: தரையிலிருந்து ஜாக்கி பிடிக்கும் தகடு வரை, தரையிலிருந்து குண்டின் உச்சி வரை, ஓடும்போது காலுக்கும் தரைக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி. கடைசிக்கு 20 செ.மீ. என்று வையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கிராமச் சாலைக்குள் நுழைந்ததும் வரும் வேகத்தடைகளுக்கு அதுவும் அதிகமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. தகடு 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கப்ளர் குண்டைத் தாண்ட அது இன்னும் 10 செ.மீ. எழும்ப வேண்டும். ஆக, முழுவதும் நீட்டியபோது தகட்டுக்குக் கீழே 60 செ.மீ. தேவை. ஓடும்போது 20 செ.மீ. இடைவெளி வேண்டுமென்றால், சுருக்கியபோது தகட்டுக்குக் கீழே 30 செ.மீ. மட்டுமே தொங்கலாம். குறைந்தது 30 செ.மீ. ஓட்டம் (சுற்றும்போது கால் நீளும் தூரம்) உள்ள ஜாக்கி தேவை. 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. ஓட்டம் உள்ளது தாராளமாகப் போதும். பக்கச்சுழல் வகை மடங்கி மேலே போய்விடுவதால் 25 செ.மீ. ஓட்டமே போதும். ஆனால் அதிலும் முழு நீளம் 60 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள்.

பின் வைத்து உள்காலை இறக்கும் வகையும் உண்டு. பின்னை இழுத்தால் கால் சட்டென்று தரைக்கு வரும், சுற்றுவது பாதியாகக் குறையும். திருகின் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. என்றால் 30 செ.மீ. இறக்க 60 சுற்று. சித்திரை வெயிலில் அதைச் செய்து பார்த்தவர்கள் உள்கால் வகைக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

கால்: சக்கரமா, தட்டா?

வீட்டு முற்றத்தில் சிமென்ட் தளத்தின் மேல் ட்ரெய்லரைக் கையால் தள்ளி மூலையில் சேர்ப்பவருக்குச் சக்கரம் வேண்டும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையை ஒட்டிய மணலிலோ, சுண்ணாம்பாற்றுப் பக்கமோ நிறுத்துபவருக்குச் சக்கரம் தொல்லைதான். 15 செ.மீ. கெட்டி ரப்பர் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. 120 கிலோ அதன்மேல் இறங்கினால் அச்சு வரை புதையும். அதே பாரத்தை 30 செ.மீ. சதுரப் பலகையின் மேல் இறக்கினால் சதுர செ.மீ.க்கு 130 கிராம் அளவுதான் அழுத்தம், மணல் தாங்கிக்கொள்ளும்.

என் தேர்வு: கழற்றி மாட்டக்கூடிய கால் உள்ள ஜாக்கி. முற்றத்தில் சக்கரம், வெளியூரில் தட்டு, தட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு பலகை. ஆரோவில் பக்கத்துச் செம்மண் கோடையில் பாறையாக இருக்கும், ஐப்பசி மழைக்குப் பின் காலை வைத்தால் வழுக்கும். கடலூரைச் சுற்றிய வயல்களின் களிமண்ணைச் சொல்லவே வேண்டாம். சக்கரத்தோடு வாங்கினால் ஓட்டும்போது அதைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். தொங்கவிட்டு ஓட்டினால் வழியிலேயே விழலாம்.

துருவுக்குத் தாங்குமா?

இந்த ஊர்களில் என்னைக் கேட்டால், விலைக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது இதுதான். மின்முலாம் பூசிய துத்தநாகப் படலம் மெல்லியது, பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான். பளபளப்பாகவோ மஞ்சள் வானவில் மினுக்கத்தோடோ இருக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கிய சாம்பல் நிறத்தில், சில நேரம் பூப்பூவாக இருக்கும். இந்த முலாமுக்கான ஐ.எஸ்.ஓ. 1461 தரப்படி, 3 முதல் 6 மி.மீ. தடிப்புள்ள இரும்பில் அந்தப் படலத்தின் சராசரி 70 மைக்ரான். கடற்காற்றில் இந்த வித்தியாசம் ஆண்டுக் கணக்கில் தெரியும். முலாம் இல்லாத இரும்பின் மேல் கறுப்பு பவுடர் பெயின்ட் அடித்தது பார்ப்பதற்கு அழகு. முதல் கீறலிலேயே அடியில் துரு ஊர ஆரம்பிக்கும்.

உள்ளே இருக்கும் திருகுக்குப் பெரும்பாலும் எந்த முலாமும் இருக்காது, கிரீஸ்தான் அதற்குச் சட்டை. கிரீஸ் வைக்க நிப்பிள் இருக்கிறதா, குழாயின் அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் உள்ள மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகுக்காரர்களிடம் விசாரித்தால், உப்புநீருக்குத் தாங்கும் மரைன் கிரீஸ் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். துருவைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர்கள் இந்தக் கரையில் இல்லை.

மின் ஜாக்கி வேண்டுமா?

பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும். முதுகுவலிக்காரருக்கும் 200 கிலோவுக்கு மேல் மூக்கு எடை உள்ளவருக்கும் வரப்பிரசாதம். மற்றவர்களுக்கு இந்த உப்புக் காற்றில் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவிட்ச், மோட்டார், இணைப்பு முனை எல்லாமே துருவுக்கு இடம். வாங்கியே தீர்வதென்றால் கையால் சுற்றும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் மோட்டார் 30 ஆம்பியர் வரை இழுக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன ஃப்யூஸை பேட்டரிக்கு அருகிலேயே போடுங்கள், கம்பி மெலிந்ததாக இருக்கக் கூடாது. பல மின் ஜாக்கிகளுக்கு எர்த் கிடைப்பது சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் வழியாக. பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்காவிட்டால் மோட்டார் முனகும், நகராது.

எங்கே வாங்குவது

ட்ரெய்லர் ஜாக்கி நம் ஊர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பொருள் அல்ல. இணையத்தில் வரவழைப்பதே பெரும்பாலும் வழி. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் டிராக்டர் டிப்பருக்கான முன் ஜாக்கி கிடைக்கலாம். டன் கணக்கில் தாங்கும், ஆனால் அதன் சொந்த எடையே சிறு கேம்பரின் மூக்குக்கு வீண் சுமை. காசு மிச்சம் என்று அதை மாட்ட வேண்டாம். புஷ் கடைவது, தகட்டில் துளையிடுவது போன்ற வேலைகளுக்குத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளைக் கேட்கலாம்.

பெட்டியைப் பிரித்ததும் முழுவதும் நீட்டி உள் குழாயைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசான அசைவு இயல்பு, கிடுகிடுவென ஆடினால் திருப்பிவிடுங்கள். பாதம் வெல்டிங் ஆன இடத்தைச் சுற்றிலும் பாருங்கள். ஓரிடத்தில் சுற்றும்போது மட்டும் கை கனத்தால் திருகு நேராக இல்லை.

மாட்டும் முறை

சமதளம், இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டு. ட்ரெய்லர் காரோடு மாட்டி, காரின் கைப்பிரேக் போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் ஏ சட்டத்தின் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, அசைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். காருக்கு ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கி ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. எரிவாயு சிலிண்டரைக் கழற்றித் தள்ளி வையுங்கள்.

பழைய போல்ட்டுகளுக்கு முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அசையாததை கிரைண்டரில் வெட்டுவதே மேல், நெருப்பு காட்டிப் பெயின்டைக் கருக்க வேண்டாம். பழைய ஜாக்கி கழன்று வந்ததும் தகட்டைத் துரு போகத் தேய்த்துத் துத்தநாக பிரைமர் அடியுங்கள். பழைய துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மேலே ஒரு தடித்த தகடு சேர்த்துத்தான் புதியதைப் பிடிக்க வேண்டும்.

போல்ட்டுகள் 8.8 வலிமைத் தரம், துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை, எளிதில் கழலாத நைலாக் நட்டோடு. மூன்றையும் கையால் பிடித்துவைத்து, ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தபின் மாறி மாறி இறுக்குங்கள். வெல்டிங் தேவைப்பட்டால் ஜாக்கியைக் கழற்றிவிட்டு, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, துத்தநாகப் பூச்சைத் தேய்த்து அகற்றியபின் வையுங்கள். துத்தநாகம் எரியும் புகை நுரையீரலுக்கு ஆகாது.

பிறகு பாரத்தை ஏற்றி முழு உயரம் வரை தூக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, தகடு வளைகிறதா, ஜாக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் யாரும் அடியில் கை வைக்கக் கூடாது.

பிறகு

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். கடற்கரைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் குழாயைக் கழுவி, நீட்டிய நிலையில் உலரவிட்டு, பிறகு சுருக்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே கிரீஸ் மாற்றுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ட்ரெய்லரை நிறுத்தியே வைப்பவர்கள் ஜாக்கியின் மேல் விட்டுவைக்காமல் ஸ்டாண்டுகளில் இறக்கிவிடுவது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரை கடந்ததும் புதுச்சேரிக்கு அருகில்தான். ஊறிய மண்ணில் ஒற்றைக் கால் சாயும், பக்கவாட்டுக் காற்றைத் தாங்குவதற்காக எந்த ஜாக்கியையும் செய்வதில்லை. நான்கு மூலையிலும் பலகை, அதன்மேல் ஸ்டாண்டு, அச்சிலிருந்து தரையில் அடித்த முளைக்குக் கயிறு. ஜாக்கியைச் சுருக்கி, கிரீஸ் தடவி, தலையில் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டிவிடுங்கள். உறையின் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும், மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.